மஞ்சள் பேருந்தும் நாற்பது தோட்டாக்களும்

ஹாரோ கிரீக் ஊரில் சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை யாரும் தூக்கி எறிவதில்லை. புது மருந்தும் குண்டும் இட்டு அதையே மறுபடி சுடுவார்கள். அதற்கு முன் அந்தக் கூடு வெர்னா டோலஃப்சனின் விரல்களுக்கிடையே ஒருமுறை உருண்டு வர வேண்டும். அவள் சரி என்றால் சரி. குறடால் நசுக்கிப் போட்டுவிட்டால் அதன் ஆயுசு அவ்வளவுதான்.

வெர்னா இருபத்தாறு ஆண்டுகளாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால், மாலையில் ஏற்றும்வரை நேரம் அவளுடையது. கூடு சோதிக்கும் வேலை அவளிடம் வந்து சேர்ந்தது கணவன் ஆரினால். கல்யாணமான முதல் வேட்டைப் பருவத்தில், எத்தனை முறை நிரப்பியது என்று அவனுக்கே நினைவில்லாத ஒரு கூட்டை அவன் சுட்டான். கூடு அடிப்பக்கம் அறுந்து, சூடான வாயு முகத்தை நோக்கிப் பீறிட்டது. கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது. இடது புருவம் போயிற்று. பிறகு முளைத்ததும் பாதிதான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே தோட்டா நிரப்பும் கராஜ் மேசை வெர்னாவின் கைக்கு வந்தது, அடுப்பு ஆரினிடம் போயிற்று. இருவருக்கும் அதில் வருத்தமில்லை. வெர்னா வைக்கும் சூப்பை யாரும் இரண்டாம் முறை கேட்டதே கிடையாது.

அக்டோபரில், எல்க் மான் வேட்டைக்கு இரண்டு நாள் இருக்கையில், ரோல்ஃப் ஹாகன் ஒரு வாளி நிறையக் கூடுகளைக் கொண்டுவந்து வைத்தான். ரோல்ஃப் ஏலம் விடுகிறவன். மூச்சு விடாமல் பேசியே பழுதான டிராக்டரையும் தள்ளிவிடுவான். ஏதோ பண்ணை ஏலத்தில் கிடைத்த வாளி, எல்லாம் பளபளவென்று மின்னுகிறது, ஒப்புக்கு ஒரு பார்வை பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

பளபளப்பை வெர்னா என்றைக்குமே நம்பியதில்லை. வெள்ளிக்கிழமை மதியம் உட்கார்ந்தாள். கழுத்தில் கீறல் இல்லை, உடம்பில் நசுக்கல் இல்லை, அடியில் பொறி வைக்கும் குழியும் இறுக்கமாகவே இருந்தது. கடைசியாக, நுனியை வளைத்த காகித கிளிப்புக் கம்பியை உள்ளே விட்டுச் சுவரோடு ஒட்டி இழுத்தாள். அடிக்குச் சற்று மேலே கம்பி ஒரு பள்ளத்தில் விழுந்து நின்றது. அடுத்த கூட்டிலும் அதே இடம். அதற்கடுத்ததிலும். வெளியே பார்த்தால் நகத்தால் கோடு இழுத்ததுபோல ஒரு வெளிர் வளையம், அவ்வளவே. ஒன்றை ரம்பத்தால் நெடுக்காக அறுத்தாள். அந்த இடத்தில் பித்தளை வெங்காயத் தோலாகத் தேய்ந்திருந்தது.

ரோல்ஃபுக்கு ஃபோன் போட்டாள். அவன் நாற்பது மைல் தள்ளி ஓர் ஏலத்தின் நடுவில் இருந்தான்.

"ரோல்ஃப், இந்த வாளியில ஒண்ணும் தேறாது. எல்லாம் இத்தோட சரி."

"நல்லா பாத்தியா? ஏற்கெனவே அதுல நாப்பத நிரப்பிட்டேனே."

"எங்க அது?"

ஏலக் கூச்சலை விட்டு ரோல்ஃப் விலகி நடப்பது கேட்டது. "சிக்ரிட் கிட்ட. வேலை முடிஞ்சு மூணு மணிக்குக் குறி பாக்கப் போறேன்னா."

சிக்ரிட் அவன் மகள். துப்பாக்கி சுடும் திடல் மலைக்கு அந்தப் பக்கம். அங்கே ஃபோன் எடுக்காது. ஆரின் வண்டியோடு பக்கத்து ஊருக்குப் போயிருந்தான். வெர்னாவுக்குப் பேருந்து எடுக்கும் நேரம்.

மூன்றரைக்குப் பதினொரு பிள்ளைகளோடு திடல் சாலை முக்குக்கு வந்தாள். நேரே போக வேண்டிய பேருந்தை வலப்பக்கம் ஒடித்தாள். பின்னாலிருந்து ஒரே கும்மாளம். திடலின் வாகன நிறுத்தத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. பிள்ளைகளைத் தனியே விட்டு இறங்கக் கூடாது என்பது விதி. சிக்ரிட் காதுமூடி போட்டுத் துப்பாக்கியில் கன்னத்தைப் பதித்திருந்தாள். பக்கத்து மேசையில் சுட்டவர்தான் ஹாரனைக் கேட்டு அவள் தோளைத் தட்டினார்.

சிக்ரிட் தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு ஓடி வந்தாள்.

"வெர்னா? என்ன ஆச்சு?"

"எத்தன சுட்ட?"

"ஒம்போது. கடைசி ரெண்டு கூடும் வெளிய வர மல்லுக்கட்டுச்சு."

"பத்தாவது வேண்டாம். தோட்டாப் பெட்டிய எங்க வீட்டுக்குக் கொண்டு போ. பஸ்ஸுல ஏத்த முடியாது, சட்டம்."

பிள்ளைகள் அன்று பதினேழு நிமிடம் தாமதமாக வீடு சேர்ந்தார்கள். பதினொரு வீட்டிலும் பதினொரு விதமாகக் கதை சொன்னார்கள்.

சாயங்காலம் ரோல்ஃப் கராஜுக்கு வந்தான். சிக்ரிட் சுட்ட ஒன்பதில் கடைசிக் கூட்டை வெர்னா அவன் உள்ளங்கையில் வைத்தாள். வளையம் முக்கால் சுற்று வெடித்து, உள்ளே வெளிச்சம் தெரிந்தது.

"இத கன்னத்துகிட்ட வச்சா சுட்டிருக்கா?" என்று கேட்டான்.

 வெர்னா குறடை எடுத்து நீட்டினாள். சுடாமல் மிஞ்சிய தோட்டாக்களை ஒதுக்கி வைத்தார்கள், நிதானமாகப் பிரிக்க. வாளியிலிருந்த வெற்றுக் கூடுகளை ரோல்ஃப் தானே ஒவ்வொன்றாக நசுக்கினான். ஆரின் மூன்று கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்த சூப் ஆறிப்போயிற்று.

திங்களன்று பள்ளிப் போக்குவரத்து அதிகாரி பிரூவிட் அவளை அழைத்தார். பாதை மாறியதை ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். ஒத்துக்கொண்டாள். பேருந்தை விட்டு இறங்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னாள். அறுத்த கூட்டை மேசையில் வைத்தாள். அவரும் வேட்டைக்காரர்தான், மெலிந்த இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். ஆனாலும் விதி விதிதான். எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கை. வெர்னா கையெழுத்திட்டு, பிரதி ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சிக்ரிட் கடையில் புதுத் தோட்டா வாங்கி மலையேறினாள். நான்காம் நாள் ஒரு பெரிய எல்க் விழுந்தது. அதைக் கீழே கொண்டுவர நான்கு பேரும் ஒரு கழுதையும் வேண்டியிருந்தது. வழி நெடுக ரோல்ஃப் வாயை மூடவே இல்லை.