தொடை எரிந்தது, இடுப்பை அமுக்கினார்கள்

போன வருஷம் குறுவை நடவின்போது, திருவிடைமருதூர் பக்கத்தில் எங்கள் ஊரில் நடந்தது இது. போனில் விரட்டி விரட்டிப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு வயல் வயலாக நடவுக்குப் போகிறவள் நான். திடீரென்று என் வலது தொடையின் வெளிப்பக்கம் எரிய ஆரம்பித்தது. மிளகாய் அரைத்துப் பூசினது போல் எரியும். கிள்ளிப் பார்த்தால் மரத்துப் போயிருக்கும். எரிகிற இடம் எப்படி மரத்துப் போகும்? எனக்கு விளங்கவில்லை.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சர்க்கரை என்றார்கள், சோதித்தால் இல்லை. முதுகில் வட்டு விலகியிருக்கும், இனிமேல் குனியவே கூடாது என்றார்கள். அதுதான் என்னை உலுக்கியது. குனியாமல் நாற்று நட முடியுமா? நடாதவளை எவன் கூப்பிடுவான்? கும்பகோணத்தில் முதுகை ஸ்கேன் எடுத்தோம். ஒன்றும் இல்லை என்று வந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஒன்றும் இல்லையென்றால் எரிவது யாருக்கு?

கடைசியில் என் ஓரகத்தியோடு தஞ்சாவூரில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனேன். அந்த டாக்டரம்மா இடுப்பின் முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனையைத் தேடிப் பிடித்து, அதை ஒட்டி உள்பக்கமாக ஒரு விரலால் அமுக்கினார். தொடை வரை சுரீரென்று தீ இறங்கியது.

"நோவு தொடையில. அங்க ஏன் அமுக்குறீங்க?" என்று கத்திவிட்டேன்.

"வயல்ல எப்படி நிப்பீங்களோ, அப்படியே நின்னு காட்டுங்கம்மா" என்றார்.

இதென்ன கூத்து என்று நினைத்துக்கொண்டே புடவையைத் தூக்கிச் செருகி, பாவாடை நாடாவை இறுக்கி, சேற்றில் விழாதபடி போனை நாடாவுக்குள் திணித்துக் குனிந்தேன். போன் சரியாக அந்த எலும்பு முனையில் போய் உட்கார்ந்தது. தொடைத் தோலுக்குப் போகும் நரம்பு அந்த முனையை ஒட்டித்தான் இறங்குகிறதாம். நாள் முழுக்க நாடாவும் போனுமாக அதை நசுக்கியிருக்கிறேன்.

"ஊரையெல்லாம் விரட்டுற போனு, உன்னையே கொளுத்திருச்சே அக்கா!" ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நாடாவைத் தளர்த்திக் கட்டுங்க. போனை அங்க வைக்காதீங்க. நடவுக்குப் போகலாம். எரிச்சல் மெதுவாத்தான் அடங்கும்" என்றார் டாக்டரம்மா.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

நான் நம்பவில்லை. பஸ்ஸில் ஊர் வரும்வரை திட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் சொன்னபடி செய்தேன். சம்பா நடவுக்குள் எரிச்சல் போய்விட்டது. உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் இன்னும் மரப்பு இருக்கிறது.

இடுப்பில் நசுங்கினால் தொடை ஏன் எரிய வேண்டும் என்று இன்றைக்கும் எனக்கு முழுதாகப் புரியவில்லை; ஆனால் தினமும் நாடா கட்டும்போது என் விரல் அந்த எலும்பை ஒருமுறை தேடித் தொட்டுவிட்டுத்தான் முடிச்சுப் போடுகிறது.