வெள்ளிக்கிழமை நின்றுபோகும் படம்

கம்ப்யூட்டருக்கு நாள் கிழமை பார்த்தவர் எங்கள் அண்ணன் ஒருவராகத்தான் இருப்பார். பெரியப்பா மகன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் அவர் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். நான் டிகிரி முடித்த கையோடு என்னை அங்கே உட்கார வைத்தார்கள். கல்யாணம் ஆகும்வரை வீட்டில் சும்மா இருப்பதற்கு இங்கே இருக்கட்டும் என்று ஏற்பாடு. செல்போனில் முகம் பார்த்துப் பேச முடியாத காலம் அது. வெளிநாட்டில் இருக்கும் மகனையோ புருஷனையோ பார்க்க வேண்டுமென்றால் எங்களைப் போன்ற கடைக்குத்தான் வர வேண்டும்.

காலேஜ் பிள்ளைகள் பென் டிரைவைச் சொருகிச் சொருகி ஒரு தடவை எல்லா சிஸ்டத்திலும் வைரஸை ஏற்றிவிட்டார்கள். நொந்துபோன அண்ணன் ஒரு ஆன்டிவைரஸ் சிடி வாங்கிவந்து தானே போட்டார். வேறு யாரும் கைவைக்கக் கூடாது என்று பாஸ்வேர்டும் வைத்துக்கொண்டார். யாரும் என்பதில் நானும் சேர்த்தி. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், ஆனாலும் கடை அவருடையது.

எரியோட்டுப் பக்கமிருந்து ஒரு அம்மா வெள்ளிக்கிழமைகளில் வருவார். அவருடைய ஒரே மகன் வளைகுடா நாட்டில் ஏதோ பட்டறையில் வேலை பார்த்தான். வெள்ளிதான் அவனுக்கு லீவு. கூடத் தங்கியிருந்தவனின் லேப்டாப்பில் காலையில் பேசினால் உண்டு, மதியம் அந்த ஆள் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு டியூட்டிக்குப் போய்விடுவான். பேச்சு அம்மாவின் செல்லில் ஸ்பீக்கர் போட்டு, படம் எங்கள் கம்ப்யூட்டரில். வந்த முதல் நாளே அந்த அம்மா விஷயத்தைச் சொல்லிவிட்டார். லீவில் ஊருக்கு வந்த ஒரு ஆள், மெஷினில் உங்கள் மகன் கை மாட்டிக்கொண்டதாமே, இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்திருக்கிறான். மகனிடம் போனில் கேட்டால், லேசான கீறல், ஆறிப்போச்சு என்கிறான்.

“மொகத்தப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வாரேன் தாயி? கையப் பாக்கணும். அம்புட்டுத்தான்” என்றார்.

படம் வந்தது. பையன் சிரித்தான். மழை பெய்ததா, எருமை கன்று போட்டதா என்று கேட்டான். அம்மா கையைக் காட்டச் சொல்வதற்கும் படம் அப்படியே நிற்பதற்கும் சரியாக இருந்தது. பாதி மூடிய கண்ணும் திறந்த வாயுமாக அவன் முகம் திரையில் உறைந்துவிட்டது. மவுஸ் நகரவில்லை. மறுவாரமும் அதே கதைதான். அதற்கடுத்த வாரமும்.

“கையின்னதும் நின்னுக்கிருது பாரு. அவந்தான் நிறுத்துறான்” என்றார் அந்த அம்மா.

“இல்லம்மா, எங்க சிஸ்டந்தான் கோளாறு” என்றேன்.

அவர் என்னை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பெற்ற மகனைச் சந்தேகப்பட்டுக்கொண்டே ஒரு தாய் பஸ் ஏறிப் போவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அந்தப் பையன் பாவம், செய்யாத குற்றத்தைச் சுமக்கிறானே என்று இருந்தது. இதைச் சரிசெய்து அவன் பேரைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது.

டெலிபோன்காரர்களைக் கூப்பிட்டு லைனைப் பார்க்கச் சொன்னேன். நல்ல லைன் என்றார்கள். பக்கத்து சிஸ்டத்தின் கேமராவைக் கழற்றி மாட்டினேன். சிபியுவைத் திறந்து தூசி தட்டினேன். ரேம் அட்டையைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மறுபடி போட்டேன், அந்தக் காலத்தில் எந்தக் கோளாறுக்கும் அதுதான் கைவைத்தியம். சனிக்கிழமை எல்லாம் பறக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் படுத்துவிடும். அண்ணனிடம் சொன்னால், “நா இருக்கும்போது நல்லாத்தானத்தா ஓடுது?” என்பார். ஓடாமல் என்ன? வெள்ளிக்கிழமை அவர் காலையில் கடையைக் கழுவிவிட்டு, சாமி படங்களுக்குப் பூப்போட்டு, சாம்பிராணி காட்டிவிட்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார். மாமனாரின் காய்கறி மண்டியில் அன்றைக்கு அவருக்கு வேலை.

அடுத்த தடவை படம் நின்றபோது டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். அது திறப்பதற்கே ஒரு யுகம் ஆனது. சிபியு நூற்றுக்கு நூறு என்று காட்டியது, பரீட்சையில் நான் ஒருநாளும் வாங்காத மார்க். எது தின்கிறது என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால், அண்ணன் போட்ட ஆன்டிவைரஸ். உள்ளே ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. வேறெதற்கும் அது இடம் விடவில்லை.

போன் போட்டேன். மண்டியில் தக்காளி ஏலம் கேட்கும் சத்தத்துக்கு நடுவே அண்ணன் சாவகாசமாகச் சொன்னார்: “ஆமா, வெள்ளிக்கிழமை காலையில ஃபுல் ஸ்கேன் நாந்தான் வச்சேன். கடையக் கழுவுற அன்னிக்கே கம்ப்யூட்டரும் சுத்தமாகட்டும்னு.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் ரிசீவரை உடைத்திருப்பேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு லீவு வெள்ளிக்கிழமை என்று கத்தினேன். பாஸ்வேர்டு கொடுங்கள், கிழமையை மாற்றிவிடுகிறேன் என்றேன். நல்ல நாளை மாற்றுவதற்கு மனிதர் ஒப்பவில்லை.

“அண்ணே, உங்க வீட்டுல அண்ணி விளக்கு துலக்குறது என்னிக்கு?”

“வியாழக்கெழம.”

“ஏன், வெள்ளிக்கிழமை துலக்க வேண்டியதுதான?”

“வெள்ளிக்கெழம துலக்குனா லட்சுமி வெளிய போயிருமே” என்றவருக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு, “சரி, வியாழக்கெழம சாயந்தரமா வச்சிக்க” என்று பாஸ்வேர்டைச் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த அம்மா வந்தபோது நான் ஏகப்பட்ட பெருமையோடு நாற்காலியை இழுத்துப் போட்டேன். இன்றைக்கு நிற்காது, தைரியமாகப் பேசுங்கள் என்றேன். படம் வழவழவென்று ஓடியது. பையன் கண் சிமிட்டுவது, பின்னால் இரும்புக் கட்டிலில் தொங்கிய துண்டு காற்றில் அசைவது, எல்லாம் தெரிந்தது.

“அப்பு, கையக் காட்டு.”

“படம் தெளிவா இருக்காம்மா?” என்று அவன் கேட்டான்.

“இருக்குய்யா. காட்டு.”

அவன் அசையாமல் இருந்தான். கண் இமைக்கவில்லை. வாய் லேசாகத் திறந்தபடி, போன வாரம் நின்ற மாதிரியே. ஐயோ, இன்றைக்குமா என்று பதறிப்போய் மவுஸைப் பிடித்தேன். மவுஸ் நகர்ந்தது. நான் என்னவென்று புரிந்துகொள்வதற்குள் அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்.

“பின்னால துண்டு ஆடுது அப்பு.”

பையனின் முகம் கோணியது. தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மேசைக்கு அடியிலிருந்து வலது கையை எடுத்துக் காட்டினான். கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் இருந்தன. நடுவில் தோல் வழுவழுவென்று மூடியிருந்தது. நான் அத்தனை வாரமும் யாருக்காக மல்லுக்கட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. பாழாய்ப்போன ஸ்கேன் இன்னொரு வெள்ளிக்கிழமை ஓடியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

அந்த அம்மா அழவில்லை. திரைக்குப் பக்கத்தில் குனிந்து அந்தக் கையை நன்றாகப் பார்த்தார். வலி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றான். இன்னும் அதே வேலைதானா என்று கேட்டார். வாசல் கேட்டில் காவல் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றான்.

“சோறு எந்தக் கையில திங்கிற?” என்றார் கடைசியாக.

அவன் கையை மறுபடி மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

“இடது கையிலதாம்மா. எல்லாரும் எந்திரிச்சுப் போனப்பறம் சாப்பிடுவேன்.”

“எதுக்குப் போனப்பறம்?” என்றார் அந்த அம்மா. “பந்தியில எல்லாரோடயும் உக்காந்து தின்னுய்யா. பாக்குறவன் பாக்கட்டும்.”