கொய்யாத்தோட்டம், பதுளை

மாணிக்கராஜ் இருபத்திரண்டு வருஷமாகத் தேயிலைத் தோட்டத்துத் தபால் பை சுமந்து வந்தவர். காலையில் லுணுகலை டவுனுக்கு ஐந்து மைல் இறக்கம், மத்தியானம் அதே ஐந்து மைல் ஏற்றம். தொழிலாளர் குடியிருந்த லயத்துக் கடுதாசியெல்லாம் அவர் தோளில்தான் வந்தது. அவருக்கென்று மட்டும் ஒன்றும் வராததுதான் கொடுமை.

தோட்டத்து ஜனங்களை இரண்டு அரசாங்கமும் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில், எழுபத்து நாலில் ஒரே மகள் அகஸ்டினாவுக்கும் மருமகனுக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. இவருக்கோ இலங்கைப் பிரஜாவுரிமை. பதுளை ஸ்டேஷனில் ரயில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுதாள் மகள். "எங்க கொண்டுபோய் விடுவாங்களோ தெரியலப்பா. போய்ச் சேந்ததும் எழுதுறேன்." அவள் விலாசம் வந்தால்தான் இவர் எழுத முடியும். இரண்டு வருஷமாக வரவில்லை.

எழுபத்தாறு ஜூலையில் மொஹிதீன் நானாவின் தேத்தண்ணிக் கடை ரேடியோ ஒரு சேதி சொன்னது. செவ்வாயில் யந்திரம் இறங்கிவிட்டதாம். அது அனுப்பும் சேதி பத்தொன்பது நிமிஷத்தில் பூமிக்கு வருகிறதாம். அமெரிக்கா, ஸ்பெயின், அவுஸ்திரேலியா என்று மூன்று இடத்தில் ராட்சத ஏரியல் வைத்திருப்பதால், பூமி எப்படித் திரும்பினாலும் ஏதாவது ஒன்று கேட்டுக்கொண்டே இருக்குமாம்.

"செவ்வாயில இருந்தே சேதி வருது மாணிக்கம், இந்தியாவில இருந்து வராமப் போகுமா?" என்றார் மொஹிதீன்.

"நானும் கேட்டுக்கிட்டேதானே இருக்கேன் நானா."

அன்று தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கர் பையைத் திறக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பாழாய்ப்போன நம்பிக்கை, விட்டால்தானே!

செப்டம்பரில் பங்குச் சாமியார் அவரைக் கோயிலுக்குக் கூப்பிட்டனுப்பினார். அகஸ்டினா கோயில் விலாசத்துக்குச் சாமியார் பெயரில் கடுதாசி எழுதியிருந்தாள். சாமியாரே வாசித்துக் காட்டினார்.

"கொய்யாத்தோட்டம், பதுளை, இலங்கைன்னு போட்டு அப்பாவுக்கு ஒம்பது கடுதாசி எழுதிட்டேன் சாமி. பதிலே இல்ல. உசிரோட இருந்தா அப்பா எழுதாம இருக்க மாட்டாரு. அவரு ஆத்துமாவுக்குப் பூசை வச்சிட்டோம். இந்தியா வந்ததுல இருந்து எங்கள வச்சிருந்த இந்தக் கேம்ப விட்டு நாளைக்கு அனுப்புறாங்க, எங்கன்னு சொல்லல. அப்பா கல்லறையில எனக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்துங்க."

மாணிக்கராஜ் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொய்யாத்தோட்டம் என்பது லயத்து வாய்ப்பேச்சு. தபாலுக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளைக்காரன் வைத்த 'டன்லோரி'தான். பதுளைப் பக்கம் கொய்யாத்தோட்டம் என்று இன்னும் எத்தனையோ! டன்லோரி என்ற பெயர் பையில் கொட்டை எழுத்தில் இருந்தது. அதை இத்தனை வருஷம் தோளில் போட்டுக்கொண்டு திரிந்த பாவி மனுஷன், பெற்ற மகளுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. செவ்வாய்க்குப் போன யந்திரத்துக்குக்கூடப் பூமி எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்லித்தானே அனுப்பியிருப்பார்கள்!

"விலாசம் எதுவும் போட்டிருக்கா சாமி?"

"இல்லப்பா."

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊர்ப் பெயர் குத்திய தபால் முத்திரை மழையில் கரைந்திருந்தது. எழுந்து பீடத்தருகே போய் ஒரு மெழுகுதிரியை எடுத்தார். சாமியார் பதறிப்போய்க் கையைப் பிடித்தார்.

"புள்ள கேட்டுருச்சே சாமி," என்று சொல்லி, தன் ஆத்துமாவுக்குத் தானே கொளுத்தி வைத்தார்.