கிண்ணத்துக் கடல்

காலை வெயிலில் இன்னும் கடலின் ஈரம் இருக்கிறது. ஷாதிபூர் சந்தில் வீடுகள் ஒன்றையொன்று உரசி நிற்கின்றன. வாசலுக்கு வாசல் நீல டிரம். டெங்கு கொசுவைத் தேடி வந்திருக்கும் சுகாதாரப் பணியாளர் ராஜேஸ்வரி ஒரு டிரம்முக்குள் டார்ச் அடிக்கிறார். தீவைச் சுற்றிப் பார்க்க வந்து, இன்று அவரோடு நடக்கும் நானும் எட்டிப் பார்க்கிறேன். வெளிச்சம் பட்டதும் கொசுப் புழுக்கள் நெளிந்து நெளிந்து ஆழத்துக்கு இறங்குகின்றன. கனவில் பெய்யும் மழைபோலச் சத்தமே இல்லை.

"கொட்டிடுங்க அக்கா."

"கொட்டச் சொல்லாதீங்க தீதி. குழாயில பானி நாளன்னிக்குத்தான் வரும்," என்கிறார் வீட்டுக்காரப் பெண். உள்ளே கட்டிலில் அவர் மகள், டெங்குக் காய்ச்சல் விட்டும் எழ முடியாமல் படுத்திருக்கிறாள்.

ராஜேஸ்வரி வற்புறுத்தவில்லை. இருவரும் ஒரு காலி டிரம்மின் வாயில் பழைய வேட்டியைக் கட்டி, தண்ணீரை மெல்லச் சாய்க்கிறார்கள். புழுக்கள் துணியில் தங்குகின்றன. அதைச் சுடும் சிமெண்டுத் தரையில் உதறுகிறார்கள். பிறகு பழைய டிரம்மின் உட்புறத்தைத் தேய்க்கிறார்கள். முட்டை அங்கேதான் ஒட்டியிருக்குமாம்.

ராஜேஸ்வரி என் பக்கம் திரும்புகிறார். "நீங்க எங்க தங்கியிருக்கீங்க சார்?"

"எதிர்க்கரையில, பாம்பூஃப்ளாட் ஊர்ல, சிநேகிதர் வீட்டுல. அங்க டிரம்மெல்லாம் மூடித்தான் இருக்கு."

"டிரம் மட்டும் இல்ல சார். ரூம்ல கப், கிளாஸ், பூ ஜாடி, எதிலயாச்சும் பானி இருக்கா?"

ஜன்னலோரக் கண்ணாடிக் கிண்ணம் நினைவுக்கு வருகிறது. கரையில் பொறுக்கிய கூழாங்கற்களை, நிறம் மங்காமல் இருக்க, வந்த அன்றே குழாய்த் தண்ணீரில் போட்டு வைத்தேன். விடியலில் அதற்குள் ஏதோ மெல்ல ஆடும். கடல்தான் இன்னும் அதில் அசைகிறது என்று, இத்தனை நாளும் படுத்தபடியே ரசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.