சந்தனம் விழுந்த ரெக்கார்டு

என் அண்ணன் டெங்கியில் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவனுடைய ரெக்கார்டுப் பெட்டியைப் பழைய பேப்பர் லோரியில் ஏற்றியது நான்தான். அம்மா கொடுத்துவிட்டார் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அது பொய். இறந்தவனின் சாமான் வீட்டில் கிடக்கக் கூடாது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். பெட்டியை கேட் வரைக்கும் சுமந்தது என் கை. பிளேயரை மட்டும் ரேடியோ என்று நினைத்து யாரும் தொடவில்லை.

அண்ணன் பண்டமாரானில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். லீவு நாளில் கிள்ளான், கே.எல். என்று பழைய சாமான் கடைகளாக ஏறி இறங்குவான். எல்லா ரெக்கார்டும் வாங்க மாட்டான். வெள்ளைக்காரர்களின் பழைய ராக், அதுவும் ஜாஸ் கலந்ததாக இருக்க வேண்டும். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்ப்பான். உறையை மோந்து பார்ப்பான், பூஞ்சை வாசனை வருகிறதா என்று.

"பாடவே மாட்றானுங்க, இத போய் கேக்குறியே," என்பேன்.

"வாயால பாடுனாதான் பாட்டா? போடி," என்பான்.

நான் படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்திவிட்டு மேருவில் கையுறை ஃபேக்டரியில் சேர்ந்தவள். எனக்கு அந்த உறைகளில் இருக்கும் இங்கிலீஷும் ஓடாது, அந்தச் சத்தமும் ஓடாது.

அவன் பிளேயர் வாங்கிய வருஷம் ஆயுத பூஜைக்கு மோட்டார், டூல்ஸ் பெட்டி, ரெக்கார்டுப் பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கும் வேலை என்னுடையது. பிளேயர் மூடி திறந்திருந்தது. மேலே ஒரு தட்டு இருந்தது. அதுவும் பிளேயரில் ஒரு பாகம்தான் என்று நினைத்து, கறுப்பு மேலேயே பெரிதாகச் சந்தனத்தை அப்பிவிட்டேன். மறுநாள் அண்ணன் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு ஆன்டி எட்டிப் பார்த்தார். துணியால் துடைத்தான். கோடுகளுக்குள் இறங்கியது போகவில்லை. தண்ணீர் பட்டால் நடுவில் ஒட்டிய பேப்பர் ஊறிவிடும் என்று கழுவப் பயந்தான். அன்றிலிருந்து அந்தத் தட்டு ஓர் இடத்தில் சிக்கும். வாசித்ததையே திரும்பத் திரும்ப வாசிக்கும். அண்ணன் எழுந்து போய் ஊசியைத் தூக்கி அந்த இடத்தைத் தாண்டி வைப்பான். வேறு ஒன்று வாங்கலாம் என்று தேடினான், கிடைக்கவில்லை.

அவன் போன பிறகு வீட்டில் அந்தச் சிக்கும் சத்தம் இல்லை. ஒரு நாள் பிளேயர் மூடியைத் திறந்து பார்த்தேன். காலியாக இருந்தது. அந்த ஒரு தட்டு மட்டும் எனக்கு வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. அதன் பேர் தெரியாது. உறை எப்படி இருக்கும் என்றும் தெரியாது, நான் பார்த்தது கறுப்புத் தட்டை மட்டும்தான்.

லோரிக்காரரைப் பிடித்துக் கேட்டேன். கே.எல். பிரிக்பீல்ட்ஸில் மாடிக் கடை ஒன்றைச் சொன்னார். சனிக்கிழமை கோமுட்டர் ரயில் ஏறினேன்.

கடைக்கார அண்ணன் கழுத்தில் சிலுவைச் செயின் போட்டிருந்தார். தட்டின் நடுவில் பிளாஸ்டிக் மூடி வைத்து இறுக்கி, தொட்டித் தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்தார். பேப்பர் நனையாமல் கழுவ வழி இருக்கிறது. இது என் அண்ணனுக்குத் தெரிந்திருந்தால் என்று நினைத்தேன்.

"அண்ணே, பொட்டு வெச்ச பெட்டி ஒண்ணு வந்துச்சா?"

"வந்துச்சு, வந்துச்சு. நீங்க வெச்சதா? பெட்டிக்கு வெச்சது சரி தங்கச்சி, ஒரு தட்டுக்கும் வெச்சிருந்தீங்களே! மஞ்சளா ஒட்டிக்கிட்டு, கழுவி எடுக்குறதுக்குள்ள இடுப்பு போச்சு."

"அதான் வேணும். எங்க அது?"

"ஐயோ, எல்லாம் கலந்து ரேக்குல வெச்சிட்டேனே. பேரு என்னா?"

"தெரியாது."

"யாரு பாடுறது?"

"பாட மாட்டாங்க. ட்ரம்ஸ் அடிக்கும், கிட்டார் வரும், அப்புறம் நாதஸ்வரம் மாதிரி ஒண்ணு வந்து எல்லாத்தையும் தள்ளிவிட்டுட்டு போவும்."

"சாக்ஸபோனா இருக்கும். இங்க பாதி ரெக்கார்டு அப்படித்தான் லா."

வேறு வழியில்லாமல் பாடிக் காட்டினேன். பாம், பாபாம், பாம் என்று ஆரம்பித்து, சிக்கும் இடம் வரைக்கும். நடுவில் நிறுத்தவே வரவில்லை, எல்லாம் அப்படியே வாயில் வந்தது. இத்தனை நாள் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

ரேக் பக்கம் நின்ற வயதான சீன அங்கிள் சிரித்துவிட்டார். "இனி லா!", இதுதான் என்று மலாயில் சொல்லி, தன் கக்கத்திலிருந்து ஒன்றை உருவி நீட்டினார். உறையில் தண்ணீருக்குள் ஒரு நாற்காலி நின்றது. நீட்டிய பிறகுதான் தான் வாங்க வைத்திருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது போல, கையைப் பாதி இழுத்துக்கொண்டார்.

கடைக்கார அண்ணன் தட்டை மட்டும் வாங்கிப் போட்டுக் காட்டினார். ட்ரம்ஸ், கிட்டார், சாக்ஸபோன். சிக்கும் இடம் வந்தது. நான் பல்லைக் கடித்தேன். சிக்கவில்லை. ட்ரம்ஸ் சட்டென்று நின்று, சாக்ஸபோன் மட்டும் தனியாக, ரொம்பச் சின்னக் குரலில் கீழே இறங்கிப் போனது. மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்டது. கொஞ்ச நேரம்தான். பிறகு மறுபடியும் எல்லாம் சேர்ந்துகொண்டது.

அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் அண்ணன் ஒவ்வொரு தடவையும் தூக்கித் தாண்டி வைத்தான். அவன் வாங்கிய ரெக்கார்டில் அது இருந்தது, என் சந்தனத்தால் அதற்குப் பிறகு அவன் அதைக் கேட்கவே இல்லை. கடையில் நின்றபடியே அழுதுவிட்டேன்.

அங்கிள் மலாயில் கேட்டார், இது யாருடையது என்று.

"அபாங் சயா பூன்யா," என்றேன், என் அண்ணனுடையது என்று.

"அவரு எங்க?"

"இல்ல, போயிட்டாரு."

அவர் உறையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே நின்றார். தானும் ரொம்ப வருஷமாக இதைத் தேடுவதாகக் கடைக்கார அண்ணனிடம் முணுமுணுத்தார். பிறகு உறையை என் கையில் வைத்தார். முகம் கொஞ்சம் கோபமாகவே இருந்தது.

"ஊசி நல்லா இருக்கா? பழைய ஊசி போட்டா இது செத்துரும்," என்று மலாயில் மிரட்டினார். வாசல் வரை போனவர் திரும்பி, "ஜாங்கான் பொட்டு லாகி, ஆ!" என்றார்.

"இனிமே பொட்டு வெச்சிடாதன்றாரு," என்று கடைக்கார அண்ணன் சிரித்தார்.

வீட்டில் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். அண்ணன் அறைக்கு அவர் வருவதே இல்லை. நான் உள்ளே போய் ரெக்கார்டைப் போட்டேன். சாக்ஸபோன் வந்ததும் சமையலறையில் பைப் சத்தம் நின்றது. அந்த இடம் வந்தது, தாண்டியது.

"என்னாடி, சிக்கல?"

"கழுவிட்டாங்கம்மா."

அம்மா ஈரக் கையோடு அறை வாசலில் வந்து நின்றார். அந்தச் சிக்கும் இடம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"அவன் தூக்கி தூக்கி வெப்பானே, அங்க இதுவா இருந்துச்சு?"

"ஆமாம்மா."

"திரும்ப போடு, நான் சரியா கேக்கல," என்று சொல்லிவிட்டு, கையைச் சேலையில் துடைத்தபடி உள்ளே வந்து அவன் கட்டிலில் உட்கார்ந்தார்.