திங்கட்கிழமைக்காரர்

கண்ணாடிக் கடையின் பின்னறையில், தண்ணீர் சொட்டச் சொட்டச் சுற்றும் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து, அவர் இருபத்திரண்டு வருஷமாக லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தார். மயிரிழை இடைவெளி இல்லாமல் பிரேமுக்குள் லென்ஸை உட்கார வைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வாடிக்கையாளரிடம் ஐந்து மணி என்று சொன்னால் நாலே முக்காலுக்கே கண்ணாடி கவுண்டரில் இருக்கும். ஊரார் வேலையில் இத்தனை சுறுசுறுப்பு. தன் காரியம் என்று வந்துவிட்டால் மட்டும் ஆள் அசைய மாட்டார். "திங்கட்கிழமை பாத்துக்கலாம்" என்பார். எந்தத் திங்கட்கிழமை என்று மட்டும் கேட்கக் கூடாது. கடையில் அவருக்குத் திங்கட்கிழமைக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. முதலாளி அப்படிக் கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அவருக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. பின்னறையிலிருந்து முன்னறைக்கு வர வேண்டும். எழுத்துப் பலகைக்கு எதிரே ஆட்களை உட்கார வைத்து, கண்ணைச் சோதித்து, பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு தேர்வு உண்டு. விண்ணப்பத்தை ஏழு வருஷத்துக்கு முன்பே வாங்கிவிட்டார். பாடமெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. விண்ணப்பம்தான் மேஜை இழுப்பறையில், பழைய லென்ஸ் உறைகளுக்கு அடியில் கிடந்தது. பெயரும் பிறந்த தேதியும் எழுதியிருந்தார். புகைப்படம் எடுக்க வேண்டும், அது திங்கட்கிழமை. இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதற்கு நடுவே அவர் பார்வை மங்கத் தொடங்கியது. வேறு யாராக இருந்தாலும் டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். இவர் கையில்தான் கல் இருக்கிறதே! முன்னறைக்காரர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் சோதனைச் சட்டத்தைத் தானே மாட்டிக்கொண்டு, கால் பவர் கூட்டி, தனக்கு ஒரு கண்ணாடி தேய்த்துக்கொண்டார். நாலு நாள் தெளிந்த மாதிரி இருந்தது. அப்புறம் மறுபடி மங்கல். மறுபடி ஒரு கண்ணாடி. இப்படியே வீட்டு அலமாரியில் ஒன்பது சேர்ந்துவிட்டன. கதவு நிலையில் தோள் இடித்தால் வீட்டைக் கட்டியவனைத் திட்டினார். தம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றிவிட்டு ஜக்கைத் திட்டினார். போன வருஷம், லாரி ஓட்டும் அவர் தம்பி கடைக்கு வந்து, "அண்ணே, ஓரத்துல வர்ற வண்டியெல்லாம் திடீர்னு முளைக்கிற மாதிரி இருக்கு" என்றான். அவனையும் முன்னறை முக்காலியில் உட்கார வைத்து, அவனுக்கும் ஒன்று தேய்த்துக் கொடுத்து அனுப்பினார்.

தேர்வுக்கு வயது வரம்பு உண்டு. இந்த வருஷத்தோடு சரி. கடைசித் தேதிக்கு முந்தைய நாள், சலவைக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி லீவு போட்டுவிட்டு நேரே பின்னறைக்குள் வந்தாள். இழுப்பறையைத் திறந்து விண்ணப்பத்தை உருவினாள்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"நாளையோட முடியுது. உங்க திங்கட்கிழமை வர்றதுக்குள்ள என் ஆயுசே முடிஞ்சிரும். எந்திரிங்க."

புகைப்படம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. ஏழு வருஷமாகத் தள்ளிப்போட்ட வேலை! மனைவி இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். நாலாவது பத்தியில், கண் டாக்டர் சோதித்துத் தரும் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்றிருந்தது. ஊரார் கண்ணைச் சோதிக்கப் போகிறவருக்குத் தன் கண் சரியாக இருக்க வேண்டாமா, நியாயம்தானே. "அது சும்மா ஒரு கையெழுத்து" என்று சொல்லிக்கொண்டே மனைவியோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அங்கே பெரிய கிண்ணம் மாதிரி ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொன்னார்கள். நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும், எங்கே வெளிச்சம் மின்னினாலும் பொத்தானை அழுத்த வேண்டும். நடுவில் நாலைந்து தடவை மின்னியது, அழுத்தினார். பிறகு ஒன்றையும் காணோம். காத்திருந்தார்.

"மெஷின் நின்னுபோச்சும்மா" என்றார், தொழில் தெரிந்த தோரணையில்.

"நிக்கல சார்" என்றாள் சோதனை செய்த பெண். "வெளிச்சம் வந்துக்கிட்டேதான் இருக்கு."

டாக்டர் அம்மா சுற்றி வளைக்கவில்லை. "கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கிட்டு வருது. ஓரத்துல ஆரம்பிச்சு நடுவுக்கு வரும். வலிக்காது. போனது திரும்ப வராது. மிச்சத்தைக் காப்பாத்த தினமும் சொட்டு மருந்து போடணும், ஒரு நாள் விடக் கூடாது. தகுதின்னு என்னால எழுதித் தர முடியாது."

"ஏழு வருஷம் முன்னாடி வந்திருந்தா?" என்று கேட்டார் அவர்.

"வந்திருந்தா பெரும்பாலும் நிப்பாட்டியிருக்கலாம்."

விண்ணப்பம் அவர் மடியில் கிடந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் இந்தக் காகிதத்தை முழுசாக நிரப்பியிருந்தால், இந்த நாலாவது பத்தியே அவரை இங்கே இழுத்து வந்திருக்கும். கண்ணும் மிஞ்சியிருக்கும், முன்னறை நாற்காலியும் கிடைத்திருக்கும். அவர் அழுதார். முன்பின் தெரியாத டாக்டர் எதிரே, மூக்கு ஒழுக, வாய்விட்டு அழுதார். மனைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார். "இது குடும்பத்துல வரக்கூடியது. அவங்களும் சோதிச்சுக்கணும்."

"தம்பி ஒருத்தன். லாரி ஓட்டுறான்." சொல்லும்போதே, அவனுக்குத் தான் தேய்த்துக் கொடுத்த கண்ணாடி நினைவுக்கு வந்தது.

வெளியே வந்ததும் மனைவி, "இன்னிக்கு வீட்டுக்குப் போயிரலாம். தம்பிகிட்ட நாளைக்குச் சொல்லிக்கலாம்" என்றாள், அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல்.

"இப்பவே" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை.

பஸ் பிடித்து லாரி ஷெட்டுக்குப் போனபோது, தம்பி தார்ப்பாயைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தான். அவர் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டான்.

"லோடு ஏத்தியாச்சுண்ணே. போயிட்டு வந்துடறேன். திங்கட்கிழமை பாத்துக்கலாம்."

அவர் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். அப்புறம் விட்டுவிட்டு, அவன் கண்ணாடியைக் கழற்றி, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, முகத்துக்கு முகம் நின்றார். தானும் ஒரு கண்ணை மூடிக்கொண்டார். முன்னறையில் நூறு முறை பார்த்து மனப்பாடமான சோதனை அது. "என் மூக்கையே பாரு. ஓரத்துல என் விரல் தெரிஞ்ச உடனே சொல்லு."

இரண்டு பேருக்கும் சரிபாதி தூரத்தில் கையைப் பக்கவாட்டில் முழுக்க நீட்டி, விரலை ஆட்டியபடி மெல்ல உள்ளே கொண்டுவந்தார். தம்பி பேசவில்லை. கை இன்னும் உள்ளே வந்தது. தம்பி பேசவில்லை. மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு அந்த விரல் முதலிலிருந்தே தெரிந்துகொண்டிருந்தது.

"இப்போ தெரியுதுண்ணே."

"பாதி தூரம் வந்தாச்சு தம்பி" என்றாள் அண்ணி.

அவர் கையை அங்கேயே நிறுத்தினார். தன் கைதான், தன் விரல்தான். அவருக்கு அது இன்னும் தெரியவில்லை.

"எனக்குத் தெரியலடா" என்றார். "உனக்குத் தெரியுது. உன்கிட்ட மிச்சம் இருக்கு. ஆஸ்பத்திரி ஆறு மணி வரைக்கும் இருக்கும். சாவியைக் குடு."

தம்பி சாவியை எடுத்துப் பக்கவாட்டில் நீட்டினான். அவர் கை வேறு திசையில் போய்க் காற்றைத் துழாவியது. மனைவிதான் அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.