ஐந்தாவது சுற்றுக்குப் பிறகு

எங்கள் வேகனுக்குள் பெரியதொரு எஞ்சினை வைக்கப்போவதாக மாமா வந்து சொன்ன காலையில், அப்பா கிணற்றடியில் நின்று முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டு, கண்ணாடிக்குள் தெரிந்த மாமாவின் முகத்தைப் பார்த்து, "இப்ப இருக்கிறதுக்கு என்ன குறை?" என்று கேட்டார்.

"அது ஓடாது அத்தான்."

"ஓடாதது நல்லதுதானே," என்று சொல்லிவிட்டு அப்பா மற்றக் கன்னத்துக்குப் போனார்.

அப்பா மன்னார்க் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்த வேண்டிய தேவையும் அவருக்கு வந்ததில்லை. எந்த விஷயத்தையும் ஒரு வசனத்தில் சொல்லி முடித்துவிடுவார். அந்த வசனத்தைச் சுற்றித்தான் வீடு பிறகு நடக்கும்.

வேகன் அம்மாவின் சீதனத்தோடு வந்தது. பின்பக்கம் மரச்சட்டம் போட்ட பழைய வண்டி. அம்மாவின் அப்பா முசலிப் பக்கத்தில் அப்போத்திக்கரியாக இருந்தவர். மருந்துப் பெட்டியோடு அந்தக் கரையோர ஊர்களுக்கெல்லாம் இந்த வேகனில்தான் போய்வந்தாராம். அவருடைய கண்ணில் புகைச்சல் விழுந்தபோது, பதினேழு வயதில் அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தார். மணல் வழியில் புதையாமல் வண்டி ஓடுவதற்கு அந்தப் பகுதியில் அம்மாவுக்கு மிஞ்சின ஆள் இல்லை என்று சொல்வார்கள். இதெல்லாம் நான் காதால் கேட்டதுதான். கலியாணமான முதல் மாதமே அப்பா, "கச்சேரி ஆக்கள் பாப்பினம்," என்று சொன்னாராம். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகு அம்மா கார் ஓடவில்லை, அவ்வளவுதான். வேகன் வேலியோரம் வேம்பின் கீழே நின்றது. அதன் பின்சீற்றில் எங்கள் கோழிகள் முட்டையிட்டன.

மாமா அம்மாவின் தம்பி. பேசாலையில் வள்ளத்து எஞ்சின்களும் லொறிகளும் திருத்துகிற பட்டறை வைத்திருந்தார். தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வருடம் உயிலங்குளத்துப் பக்கத்து இளந்தாரிகள் சிலர், குளம் வற்றினதும் குளத்துக்குள்ளேயே கார்ப் பந்தயம் வைப்பதாக முடிவெடுத்தார்கள். மணல், பள்ளம், நடுவில் காயாத சேறு எல்லாவற்றையும் சேர்த்து ஐந்து சுற்று. முதலாவதாக வருகிறவருக்குச் சுவர் மணிக்கூடு. இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

எஞ்சின் கொண்டச்சியில் இருந்தது. அங்கே கருவாட்டு வியாபாரம் செய்த முதலாளி ஒருவரின் பெரிய கார் வெள்ளத்தில் நின்று உடம்பெல்லாம் உக்கிப்போக, எஞ்சினை மட்டும் கழற்றிச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். மாமா கேட்கப் போனபோது நானும் கூடப் போனேன்.

"ஆருட வாகனத்துக்குத் தம்பி?" என்று கேட்டார் முதலாளி.

மாமா சொன்னார்.

"அப்போத்திக்கரி ஐயாட வாகனமா? அதை ஓடிவந்த பிள்ளை சுகமா இருக்கா?"

"என்ர அக்கா தானே. இது அவவின்ர மகள்."

முதலாளி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருடைய மனைவிக்குப் பிரசவம் கடுமையாக இருந்த ஒரு மழைநாளில், ஆறு பெருகி ஓட, அம்மா தண்ணீருக்குள்ளால் வேகனைக் கொண்டுவந்து ஐயாவை வாசலில் இறக்கினாராம். "அந்தப் பிள்ளை அண்டைக்குப் பயந்திருந்தா என்ட மூத்தவன் இல்லை," என்றார். பிறகு சாக்கை விலக்கினார். "எடுத்துக்கொண்டு போங்கோ. ஓடுற நாளைக்கு நான் வந்து பார்ப்பன். அது ஒண்டுதான் கேக்கிறன்."

மூன்று வாரத்துக்கு எங்கள் வீட்டு வளவு பட்டறையானது. வேப்பங் கொப்பில் சங்கிலி கட்டிப் பழைய எஞ்சினைத் தூக்கி வெளியே வைத்தார்கள். புதியது ஒரு சாண் நீளம் கூட. அதை உள்ளே இறக்க, முன்தகட்டை வெட்டி, றேடியேற்றரை முன்னுக்குத் தள்ளி, அப்படியும் பொனற் மூடாமல் போக, பொனற்றிலும் ஓட்டை போட வேண்டியதாயிற்று. பின்சில்லுக்குப் போகிற நீளத் தண்டை அறுத்துக் கட்டையாக்கி ஒட்டினார்கள். பாரம் தாங்காமல் முன்பக்கம் முழந்தாளிட்டதுபோல் இறங்கிவிட்டது. லொறி வில்லுத்தகடு ஒன்றைச் செருகி அதை நிமிர்த்தினார் மாமா.

அம்மா தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பார். முதல் கிழமை கோப்பையை வைத்துவிட்டு வந்துவிடுவார். இரண்டாம் கிழமை கோப்பை வெறுமையாகும் வரை நின்றார். ஒருநாள் கேட்டார்:

"பிறேக்குக்கு என்ன செய்தனி?"

"பழசுதான் அக்கா."

"அப்ப நீ ஓடுறதை மட்டும்தான் யோசிச்சிருக்கிறாய். எப்பிடி நிப்பாட்டுவாய்?"

அம்மா சேலையைச் செருகிக்கொண்டு சில்லுக்குப் பக்கத்தில் குந்தினார். அன்று மத்தியானம் சோறு பிந்தியது. இன்னொரு நாள், "முன்னுக்குப் பாரம் கூடிப்போச்சு. மணலுக்கை பின்சில்லு சும்மா சுத்தும், வண்டி அரக்காது. பின்னுக்கு ஏதும் போடு," என்றார். மாமா ஈரமணல் நிரப்பிய இரண்டு சாக்குகளைப் பின்சீற்றின் இரண்டு பக்கமும் கட்டினார். கோழிகள் வேறு இடம் பார்த்துக்கொண்டன.

பந்தயத்துக்கு இரண்டு நாள் இருக்க, ஓடிப்பார்த்துவிட்டு வந்த மாமா அவசரத்தில் றேடியேற்றர் மூடியைத் திறந்தார். கொதிநீர் பாய்ந்து வலது கை முழங்கை வரை வெந்துபோனது. ஆஸ்பத்திரியில் மருந்து கட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்தவர், நோவைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. "கொண்டச்சியிலயிருந்து முதலாளி வேற வாறார்," என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அம்மா அரிவாளில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "நான் ஓடுறன்," என்றார்.

நாங்கள் எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா பேப்பரை மடித்தார்.

"நீர் ஓடி எத்தினை வருசம்?"

"பதினொண்டு."

"மறந்திருக்குமே."

"மறக்கேல்லை."

அப்பா ஒரு வசனத்துக்காக வாயைத் திறந்ததுபோல்தான் இருந்தது. ஆனால் அது வரவில்லை. மடித்த பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து எல்லோரும் உயிலங்குளத்துக்குப் போனோம். குளக்கட்டு நிறையச் சனம். முதலாளிக்கு யாரோ கதிரை கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அப்பா குடையை விரித்துக்கொண்டு, கச்சேரிக்குப் போகிற சப்பாத்தோடு, கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி நின்றார். ஓடவந்தவை நாலு வண்டிகள்: இரண்டு ஜீப், ஒரு சின்னக் கார், எங்கள் வேகன். ஒவ்வொரு வண்டியிலும் உதவிக்கு ஒருவர் ஏறலாம். மாமா ஏறினால் முன்பாரம் இன்னும் கூடும் என்பதால், ஒன்பது வயதுப் பெட்டையான என்னை மணல் சாக்குகளுக்கு நடுவில் இருத்தினார்கள். சூடு காட்டுகிற ஊசி சிவப்புக்கு வந்தால் கத்த வேண்டும் என்பது எனக்கு மாமா தந்த வேலை. ஒரு பிள்ளையை இதற்குள் ஏற்றலாமா என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் பிள்ளைகளையும் சாமான்களோடு சேர்த்துத்தான் ஏற்றினார்கள்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைப் பெடலில் வைத்தார்.

முதல் சுற்றில் நாங்கள் கடைசி. அம்மா வழியைப் படித்துக்கொண்டிருந்தார் என்று இப்போது தெரிகிறது. இரண்டாவது சுற்றில் சின்னக் கார் நடுச்சேற்றில் இறங்கி நின்றுவிட்டது. மூன்றாவதில், மற்றவர்கள் வளைவில் போய் மிதித்த பிறேக்கை அம்மா வெகு முன்னமே தொட்டு விட்டு, மணலில் வண்டியைக் கொஞ்சம் சரியவிட்டு எடுத்தார். எஞ்சின் உறுமியது. சாக்கு அவிழ்ந்து என் மடியெல்லாம் மணல். நாலாவதில் ஒரு ஜீப்பைத் தாண்டினோம். ஐந்தாவதில், குளக்கட்டுக்குக் கீழே வந்த நேர்வழியில், மற்ற ஜீப்பையும் தாண்டிச் சுண்ணாம்புக் கோட்டைக் கடந்தோம். சனம் கூவியது. முதலாளி கதிரையை விட்டு எழும்பி நின்றது எனக்குத் தெரிந்தது.

கோட்டுக்கு அப்பால், வண்டிகளை நிறுத்துவதற்கென்று ஒரு பெட்டி கீறியிருந்தார்கள். அம்மா அதற்குள் நிறுத்தவில்லை. கட்டு உடைந்திருந்த இடத்தால் மேலே ஏறி, பெரிய தெருவுக்கு வந்தார். ஒரு பக்கம் மன்னார், எங்கள் வீடு. மறுபக்கம் முருங்கன், மதவாச்சி, கொழும்பு. அம்மா முருங்கன் பக்கம் திருப்பினார்.

"அம்மா, முடிஞ்சுது," என்றேன்.

"ஓம்," என்றார். வேகம் குறையவில்லை.

தெரு நேராகக் கிடந்தது. இரண்டு பக்கமும் அரிவு வெட்டின வயல்கள். அம்மாவின் கொண்டை அவிழ்ந்து தலைமயிர் காற்றில் பறந்தது. அதைக் கட்ட அவர் கையை எடுக்கவில்லை. பின்னால் பார்க்கிற சின்னக் கண்ணாடியில் அவருடைய முகம் தெரிந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய வகுப்பு அக்காமாரில் ஒருவரின் முகம்போல் இருந்தது. எனக்கு ஒருவிதமாக இருந்தது. எங்கே போகிறோம் என்று இரண்டு தரம் கேட்டேன்.

முருங்கனுக்கு இந்தப் பக்கம் ரயில் கடவை மூடியிருந்தது. அம்மா நிறுத்தினார். ரயில் வந்து, எங்களுக்கு முன்னால் நீளமாகப் போனது. யன்னல்களில் இருந்தவர்கள் பொனற் ஓட்டையையும், சேறு படிந்த வேகனையும், தலைவிரிந்த அம்மாவையும் பார்த்துக்கொண்டு போனார்கள். அம்மா கடைசிப் பெட்டி மறையும் வரை பார்த்தார். கடவை திறந்தது. அம்மா அரக்கவில்லை. கடவைக்காரர் கையைக் காட்டினார். பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்தது. அம்மாவின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

"பிள்ளைக்குத் தண்ணி விடாய்க்குதோ?" என்று என்னைத் திரும்பிப் பாராமல் கேட்டார்.

விடாய்க்கிறது என்றேன். அம்மா வண்டியைத் திருப்பினார்.

திரும்பும்போது மெதுவாகத்தான் வந்தோம். குளத்துக்கு ஒரு மைல் தூரம் இருக்கும்போது, அப்பா தெருவில் தனியே வந்துகொண்டிருந்தார். குடை மடித்துக் கக்கத்துக்குள் இருந்தது. சப்பாத்து புழுதியில் வெள்ளையாகியிருந்தது. அம்மா நிறுத்த, அப்பா கதவைத் திறந்து முன்னால் ஏறி இருந்தார். பிறகு அப்பா, தெருவைப் பார்த்தபடி கேட்டார்:

"எஞ்சின் சூடேறிட்டுதாக்கும்? காத்துப் படட்டுமெண்டு கொண்டு போனனீரோ?"

அம்மா கியரை மாற்றினார். பிறகு, "ஓம்," என்றார்.

"இல்லையப்பா," என்றேன் நான். "ஊசி சிவப்புக்கு வரவேயில்லை. நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

"பின்னுக்கு இருந்தா வடிவாத் தெரியாது, பிள்ளை," என்றார் அப்பா.

எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வேலையை ஒழுங்காகச் செய்தும் பொய்க்காரியாக்கப்பட்ட கோபத்தில் நான் சாக்கின் மேல் முகத்தை வைத்து அழுதேன். இரண்டு பேரும் ஏன் என்று கேட்கவில்லை.

பெட்டிக்குள் நிறுத்தாதபடியால் மணிக்கூடு இரண்டாவதாக வந்த ஜீப்காரருக்குப் போனது. முதலாளிதான் விடாமல் வாதாடினார். அம்மா அவரை அண்ணன் முறை சொல்லி, சிரித்துக்கொண்டு, "வீட்டிலை மணிக்கூடு இருக்கு நானா," என்றார். பிறகு முதலாளி கொண்டுவந்திருந்த சோடாவை ஒரே மூச்சில் குடித்தார்.

நாங்கள் தெருவில் ஏறி மறைந்த பிறகு குளத்தில் நடந்ததை, நான் பெரியவளான பின்தான் மாமா சொன்னார். அவர் கட்டுப்போட்ட கையோடு ஒரு ஜீப்பில் ஏறிப் பின்தொடர வெளிக்கிட்டாராம். அப்பா அவருடைய மற்றக் கையைப் பிடித்து, "விடும், வருவா," என்றாராம். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றவர், யாரிடமும் சொல்லாமல் தானே நடக்கத் தொடங்கினாராம். வருவா என்று அவ்வளவு நிச்சயமாகச் சொன்ன மனிதர் ஏன் நடந்தார் என்று மாமாவும் என்னைக் கேட்டார்.

அடுத்த ஞாயிறு காலை, பூசைக்கு நாங்கள் வெளிக்கிட்டு நிற்க, அப்பா வழக்கம்போல் வாசல் படலைக்குப் போகவில்லை. வேம்படிக்குப் போய், வேகனின் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி இருந்தார். அம்மா அவரைப் பார்த்தார். பிறகு வலப்பக்கம் போய் ஏறினார். நான் பின்னால்.

கோயிலுக்கு நடந்தே பத்து நிமிடத் தூரம். அம்மா ஊர்ந்து ஊர்ந்து போனார். மாட்டுவண்டி ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. சைக்கிளில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு பெரிய எஞ்சினை வைத்துக்கொண்டு ஏன் இப்படிப் போகிறோம் என்று கேட்டேன்.

அம்மா தெருவைப் பார்த்தபடி ஓடிக்கொண்டிருந்தார். அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டு, கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டது இரண்டு பேருக்கும் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, இன்னும் சத்தமாக, இன்னொரு தரம் கேட்டேன்.